ஷிபானாவின் படம் இருந்த இடம்

நிந்தவூர் மீராமுகைதீனின் இளைய மகன் அஹ்ஸன், ஸகியாவைக் கலியாணம் முடித்துக் கல்முனைக்குடியில் அவளுடைய வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது கையில் ஒரு பெட்டியும் ஒரு மடிக்கணினியும்தான் இருந்தன. ஸகியாவின் உம்மா அதற்கு முன்னரே மவுத்தாகிப் போனவர். உம்மாவின் தங்கை ஹுஸ்னியாதான் நின்று எல்லாம் செய்து வைத்தாள். ஆகவே அஹ்ஸனுக்கு மாமி என்றாலும் சாச்சி என்றாலும் அவள் ஒருத்திதான்.

அந்த மடிக்கணினியில் அஹ்ஸன் ஒரு வேலை தொடங்கினான். பெயர் 'வளவு'. முகம் பார்த்துக் கதைக்கிற, படம் போடுகிற ஒரு வலைத்தளம். மற்றவற்றைப் போல் ஒரு கம்பனியின் கையில் இராது என்பான். ஒருவர் எழுதியதை உலகமெங்கும் ஆயிரம் கணினிகள் பதிந்து வைக்கும், யாராலும் அழிக்க ஏலாது, அதற்குப் பெயர் பிளொக்செயின் என்பான். அதற்கென்று ஒரு நாணயமும் இருந்தது. துபாயில் ஒரு முதலாளி அந்த நாணயத்தை நம்பி முதல் போட்டார். கூடப் படித்த முர்ஷித் கூட்டாளியாகச் சேர்ந்தான். சுனாமியில் கடல் வந்து போன ஊர் இது. மிஞ்சிய படங்களைக் கொண்டு வாருங்கள், இனி எந்தக் கடலாலும் எடுக்க முடியாத இடத்தில் வைக்கிறேன் என்று அஹ்ஸன் சொன்னபோது, சனம் பழைய பிஸ்கட் டின்களோடு வந்தது.

ஹுஸ்னியாவும் ஒரு படத்தோடு வந்தாள். அவளுடைய மகள் ஷிபானா. கடல் வந்த அன்றைக்கு ஆறு வயது. மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. வீட்டோடு எல்லாப் படமும் போய்விட்டது. சம்மாந்துறையில் ஓர் உறவுக்காரியின் கலியாணப் படங்களுக்குள் இந்த ஒன்று மட்டும் கிடந்தது. நீலச் சட்டை, ஒரு கன்னம் நிறைய மஸ்கட் இனிப்பு, படம் பிடிக்கிறவனை முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் படத்தை ஹுஸ்னியா அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். பெண்களுக்கான பயான் பேச்சில், உருவப்படம் உள்ள வீட்டுக்குள் ரஹ்மத்துடைய மலக்குகள், அருள் கொண்டுவரும் வானவர்கள், வரமாட்டார்கள் என்று கேட்ட நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. எறியவும் மனமில்லை, வைக்கவும் பயம்.

"மருமகன், உங்கட வளவில போட்டா அது எந்த ஊட்டுல இரிக்கிற கணக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு ஊட்டுலயும் இல்ல சாச்சி. உலகம் முழுக்க இரிக்கும்."

"ஆரும் அழிக்க ஏலாதா?"

"நான் நினைச்சாலும் ஏலா."

அதைச் சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை. பாதிதான் சொன்னான். பெயரும் திகதியும்தான் அழியாத இடத்தில் இருந்தன. படங்கள் பாரமானவை. அவை மாத வாடகைக்கு எடுத்த இரண்டு கணினிகளில் இருந்தன. வாடகையைத் துபாய்க்காரர் கட்டினார். சாச்சிக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டான்.

பிறகு சந்தை விழுந்தது. உலகத்தில் உள்ள அந்த வகை நாணயமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தது. அதே கிழமைகளில்தான் நாட்டில் பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் நின்றது. கரண்ட் நினைத்த நேரம் போனது. முர்ஷித் கத்தாருக்குப் போய்ச் சேர்ந்தான். "நீயும் வாடா, ஒரு இடம் இரிக்கி," என்று அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

துபாய்க்காரர் வேறு பாட்டுப் படித்தார். "வாடகை இந்த மாதத்தோடு சரி. ஆனால் வேலை முன்னேறுகிறது என்று நான் நாலு பேருக்குக் காட்டினால் புதிய முதல் வரும். வளவைப் புதுசாக்கித் தா."

கரண்ட் வருகிற கொஞ்ச நேரத்தில் அஹ்ஸன் இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம். படங்களை இறக்கி எடுக்கலாம், அல்லது வளவைப் புதுசாக்கலாம். படங்களின் கடதாசி அவரவர் வீட்டில் இருக்குந்தானே என்று நினைத்தான். வளவைப் புதுசாக்கினான். திறந்தவுடன் ஒரு பச்சைப் பொத்தான் வரும். அதை அமத்தினால் பழையது போய்ப் புதியது வரும். எல்லோரையும் அமத்தச் சொல்லி அறிவித்தான். மாதம் முடிந்து வாடகைக் கணினிகள் நின்றன. துபாய்க்காரர், "நல்ல முன்னேற்றம்," என்று ஒரு செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகு அவருடைய சத்தமே இல்லை.

கணினிகள் நின்ற மறுநாள் காலையில் ஸகியா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அஹ்ஸன் வாசலில் இருந்து, "படமெல்லாம் போயிட்டு. பறுவாயில்ல, எல்லாரிட்டயும் திரும்ப வாங்கலாம்," என்றான்.

ஸகியாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"சாச்சியிட்ட என்னத்த வாங்குவீங்க?"

"ஏன்?"

"அவ அந்தப் படத்த மண்ணுக்குள்ள தாட்டுட்டா! நம்மட முருங்கையடியில. நீங்க ஏத்தின அடுத்த நாள் வந்து, துணியில சுத்தி, துஆ ஓதி, அவவே கிண்டித் தாட்டவ. இனி அது உலகத்தில இரிக்கி, ஊட்டுல வேணாமெண்டு. உங்களுக்குத் தெரியுமெண்டுதான் நான் நினைச்சன்."

அஹ்ஸன் முருங்கையடிக்குப் போனான். மாரி முழுக்க மழை குடித்த மண். கிண்டினால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். அப்படியே நின்றவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பழைய வளவு, பார்த்த படங்களின் சின்னப் பிரதி ஒன்றை அந்தந்தப் போனுக்குள்ளேயே வைத்திருக்கும். ஷிபானாவின் படத்தைச் சாச்சி பார்க்காத நாளில்லை. பச்சைப் பொத்தானை அமத்தினால் அதுவும் துடைத்துப் போகும். துடைக்கும்படி எழுதியவனும் அவன்தான்.

அழைத்துப் பார்த்தான். சாச்சியின் போன் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லை. ஸகியாவின் தம்பியுடைய சைக்கிளை எடுத்து மிதித்தான். பெற்றோல் வரிசையில் நிழலுக்கு நின்ற அயல்வீட்டு ஹமீட் கண்டுவிட்டார்.

"என்ன கம்பனிக்காரர், சைக்கிளா? உங்கட காசு குடுத்தா பேக்கரியில பாணாவது தாறாங்களா இப்ப?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மற்ற நாளென்றால் அஹ்ஸன் நின்று நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பான். அன்றைக்கு மிதித்துக்கொண்டே போனான்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த மாடி வீடுகளில் மூன்றாம் தட்டில் ஹுஸ்னியா இருந்தாள். மூச்சு வாங்க ஏறி வந்தவனைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்ன மருமகன், ஆருக்கும் என்னவுமா?"

"சாச்சி, போன் எங்க? பச்சையா ஒரு பொத்தான் வந்தயா?"

"வந்த. உங்கட வேலதானே எண்டு அமத்தினன்."

அஹ்ஸன் போனைத் தேடி அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"அமத்தினா, சுத்துது சுத்துது, ஒண்டும் வரல்ல. போன் காட் முடிஞ்சி போச்சாம். மகன் ரீலோட் போடுறன் எண்டவன், இன்னும் போடல்ல. ஏன் மருமகன், பிழையா அமத்திட்டனா?"

போன் அரிசி வாளியின் மூடியில் கிடந்தது. அஹ்ஸன் வாங்கி, சுற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தி, உள்ளே போனான். இருந்தது. பெருவிரல் நகத்தளவு நீலச் சட்டை. தன் போனுக்கு மாற்றிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தான். கண்ணும் மூக்கும் கட்டங் கட்டமாக உடைந்தன. உப்பிய கன்னம் மட்டும் கன்னமாகவே தெரிந்தது.

பிறகு தரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். வாடகைக் கணினி, துபாய்க்காரர், சந்தை, பொத்தான். அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, உலகம் முழுக்க இரிக்கி எண்டீங்களே?"

"பேர் இரிக்கி சாச்சி. எப்ப போட்டீங்க எண்டதும் இரிக்கி. படம்தான் இல்ல."

"பேர் எனக்கும் தெரியும் மருமகன்."

கீழே யாரோ மீன்காரனிடம் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கடையில குடுத்து அடிச்சித் தாறன் சாச்சி. சின்னதெண்டாலும் கடதாசியில..."

"வேணாம். ஊட்டுல வேணாம். தாட்டத மறுகா எடுக்கப் போடாது." அவள் தன் போனை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். "இதுவும் பழசு, எப்ப சாகுமோ தெரியா. உங்கட போன்ல இரிக்கட்டும். நான் கேக்கக்குள்ள காட்டுங்க."

"சரி சாச்சி."

"கத்தாருக்குப் போகப் போறீங்களாம். ஸகியா சொன்னா."

சட்டைப் பையில் முர்ஷிதின் அழைப்பு அதிர்ந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை கையால் பொத்திக்கொண்டு எழும்பினான். கதவடியில் செருப்பை மாட்டி, படிகளில் இறங்கத் தொடங்கினான். வளவில் உள்ள மற்றவர்களுக்கும் பொத்தானை அமத்த வேண்டாமென்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் நேற்றே அமத்தியிருப்பார்களோ. கால் தானாக வேகம் பிடித்தது.

மேலே இருந்து ஹுஸ்னியா எட்டிப் பார்த்தாள்.

"மருமகன், படியில ஓடாதீங்க. போன் விழுந்திரும்."