கண்ணாடி பார்க்காத தப்பு

லைசென்ஸுக்கு வருகிறவர்களை ஓட்டவிட்டுப் பார்த்து மார்க் போடும் அந்த அதிகாரிக்கு ஆபீஸில் 'கறார் அக்கா' என்று பெயர். சொந்தத் தம்பியையே இரண்டு தடவை ஃபெயிலாக்கியவள். இருபது வருஷத்தில் ஒரு பொய் மார்க் கிடையாது. அந்த மிதப்பில்தான் மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே குட்டித் தூக்கம் போடுவாள்.

சைக்கிளில் ஓரமாகப் போன அவள் மகனை மோதிக் கொன்றவன், தண்டனை முடிந்து, ரத்தான லைசென்ஸைத் திரும்ப வாங்க அவளிடமே வந்து நின்றான். அந்த ஊருக்கு அவள் ஒருத்திதான் அதிகாரி. குறை சொல்ல இடமில்லாமல் ஓட்டினான். 'கண்ணாடி பார்க்கவில்லை' என்று எழுதி ஃபெயிலாக்கினாள். இப்படியே ஐந்து தடவை. அவனும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டுப் போனான். பழி தீர்த்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை; மத்தியானத் தூக்கம் போனதுதான் மிச்சம். வேறு யாரை ஃபெயிலாக்கினாலும், நிஜமாகவே தப்புதானா என்று கை தயங்கியது.

ஆறாவது தடவை அவன் ஓட்டி முடித்து வண்டியை ஓரம் கட்டியதும், "நீ எல்லாத் தடவையும் கண்ணாடி பாத்தே. நான்தான் பொய் எழுதினேன்" என்றாள்.

"தெரியும்மா. நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் வரலாம்னு இருந்தேன்."

"போதும்" என்று பாஸ் போட்டாள்.

சோதனை முடிந்ததும் யாரையும் நம்பாமல் தானே ஆபீஸுக்கு ஓட்டிப்போவது அவள் வழக்கம். அன்று டிரைவர் சீட்டுக்கு மாறவில்லை. "ஆபீஸுக்கு விடு" என்று சொல்லிச் சாய்ந்துகொண்டாள்.

ஆபீஸ் கேட்டுக்கு வந்ததும் அவன்தான் அவளை எழுப்ப வேண்டியிருந்தது.