ஒரே நிமிடத்தில் வந்த இருவர்

“சக ஊழியர்களை எளிதில் நம்புபவர். பிறர் கூற்றை மறுப்பின்றி ஏற்பவர். இணக்கமான சுபாவம்.” வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் புரோகிராமரைப் பற்றி மேனேஜர் இப்படி எழுதியிருந்தார். அதைப் படித்த புரோகிராமர் உடனே அடுத்த மேசைக்காரரின் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அதிலும் இதே வாசகம், எழுத்துப்பிழை உட்பட.

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கணவர் “பால் கெடலை” என்றாலும் முகர்ந்து பார்ப்பார், “கெட்டுப்போச்சு” என்றாலும் முகர்ந்து பார்ப்பார். இத்தனைக்கும் தன் மேசை டிராயரைப் பூட்டுவதே இல்லை. பூட்டு தொங்கினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நாமே ஊருக்குச் சொன்னதாகிவிடுமாம்.

அந்த வாரம் சந்தேகப்பட அவருக்கு நியாயமான காரணமே கிடைத்தது. மூன்று வருடமாக வீட்டுக்குக் காத்திருந்த தையல்கார அம்மாவின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இல்லை. திங்கட்கிழமைப் பிரதியில் இருந்தது, புதன்கிழமைப் பிரதியில் காணோம். இடையில் நடந்தது ஒரே ஒரு நீக்கம். செவ்வாய் மதியம், இரண்டாம் கவுண்டர், ‘ஒரு பெயர் நீக்கப்பட்டது’. அந்த அம்மாவுக்கு வரவேண்டிய வீடு வரிசையில் அடுத்த ஆளுக்குப் போகவிருந்தது. அடுத்த ஆள் இரண்டாம் கவுண்டர்காரரின் சகலை.

மேனேஜருக்கு இது போதும். “வேலியே பயிரை மேஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளை வேலையை விட்டு அனுப்பிடறேன். நீங்க ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கம்மா.”

கவுண்டர்காரருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. புரோகிராமர் போய் அவர் எதிரே உட்கார்ந்தார்.

“அண்ணே, செவ்வாய்க்கிழமை யாரை எடுத்தீங்க?”

“தபால்காரர் ஒருத்தரைம்மா. வேற ஊருக்கு மாத்திட்டாங்க, வீடு வேண்டாம், பேரை எடுத்துடுங்கன்னாரு. எடுத்தேன்.”

“திங்கட்கிழமைப் பட்டியல்ல தபால்காரரே இல்லையே?”

“இல்லாத ஆளை நான் எப்படிம்மா எடுப்பேன்? எடுத்தாச்சுன்னு கம்ப்யூட்டர்தானே சொல்லுச்சு!”

“உங்க சகலைக்குத்தானே வீடு போகுது?”

கவுண்டர்காரர் எழுந்தே விட்டார். “அவனுக்கா? மழையில நனைஞ்சிட்டு நின்னாக்கூட குடை கொடுக்க மாட்டேன். அவனுக்காக என் வேலையைப் பணயம் வெப்பனா? என் பொண்டாட்டியைக் கேட்டுப் பாருங்க!”

புரோகிராமர் நிஜமாகவே தொலைபேசியில் கேட்டார். சகலையைப் பற்றி மனைவி சொன்னது இன்னும் காரமாக இருந்தது. ஒரே வீட்டுக்காரர்கள், பேசி வைத்திருப்பார்கள் என்று அதையும் ஒதுக்கினார்.

அப்படி ஒரு தபால்காரர் இருக்கிறாரா என்பதே அடுத்த சந்தேகம். தேடிப் போனார். இருந்தார், பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். விண்ணப்ப ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன: காலை பத்து பதினேழு. தையல்கார அம்மா புகாரோடு கொடுத்திருந்த ரசீது ஏற்கெனவே புரோகிராமரின் கைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தார். அதே நாள், அதே பத்து பதினேழு. முதலாம் கவுண்டரில் ஒருவர், இரண்டாம் கவுண்டரில் ஒருவர்.

“ரெண்டு பேரும் சேர்ந்து வந்தீங்களா?” என்று கேட்டார்.

“யாரும்மா அவங்க?” என்றார் தபால்காரர்.

அலுவலகத்துக்குத் திரும்பி நிரலைத் திறந்தார். பட்டியல் ஜாவா என்ற கணினி மொழியில் ட்ரீசெட் என்ற தொகுப்பில் இருந்தது. எப்போது பார்த்தாலும் வரிசையாகவே இருக்கும், ஒரே ஆளை இரண்டு முறை சேர்க்காது. ஆனால் ‘ஒரே ஆள்’ என்பதை அது முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. ஒப்பிட ஒரு விதி கொடுத்திருப்போம், அந்த விதி வித்தியாசம் இல்லை என்றால் அதற்கு இருவரும் ஒருவரே. இங்கே கொடுத்திருந்த விதி விண்ணப்ப நேரத்தை மட்டும், அதுவும் நிமிடம் வரைக்கும் பார்த்தது.

சின்னதாக ஒரு சோதனை எழுதினார். தையல்காரரைச் சேர்த்தார். தபால்காரரைச் சேர்த்தார். எண்ணிக்கை: ஒன்று. இரண்டாவது ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டது, அதைச் சத்தமில்லாமல் செய்தது. பிறகு ‘தபால்காரரை நீக்கு’ என்றார். அதே நிமிடத்து ஆளைத் தேடி, கையில் அகப்பட்ட தையல்காரரை வெளியே தள்ளிவிட்டு, நீக்கியாயிற்று என்றது. எண்ணிக்கை: பூஜ்யம்.

அந்த விதியை எழுதியது யார்? வரியின் மேலே ஐந்து வருடப் பழைய குறிப்பு ஒன்று: ‘ஒரு நிமிடத்தில் ஒருவருக்கு மேல் வர வழியில்லை.’ அப்போது இருந்தது ஒரே கவுண்டர். குறிப்பின் கீழே அவருடைய பெயரே இருந்தது. தன் பெயரில் வேறு யாரோ நுழைந்து எழுதியிருப்பார்களோ என்று மாற்றப் பதிவேடு முழுவதையும் அலசினார். யாரும் நுழையவில்லை. இத்தனை வருடத்தில் அவர் சந்தேகப்படாமல் விட்டது ஒரே ஒரு ஆளைத்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இதை வேற யாராவது பார்த்தாங்களா?”

“பார்த்தாலும் புரியாது சார்.”

“அப்புறம் என்ன? நீங்க சத்தமில்லாம சரி பண்ணிடுங்க. அந்த அம்மா பேரையும் திரும்பச் சேர்த்துடுங்க. கவுண்டர் விஷயம் இவ்வளவு தூரம் போயாச்சு, மேலிடத்துக்குச் சொல்லியாச்சு.”

“அவரு ஒண்ணும் பண்ணலையே சார்.”

“நல்லா யோசிங்க. ஆள் யாருன்னு கேப்பாங்க. உங்க பேரைத்தான் எழுதணும்.”

அவர் ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார் என்று புரோகிராமர் ஒரு கணம் சந்தேகப்பட்டார். பிறகு நாற்காலியை மேனேஜரின் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி, அங்கேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

ஒப்பிடும் விதியில் விண்ணப்ப எண்ணையும் சேர்த்தார். தையல்கார அம்மாவை அவருடைய இடத்தில் திரும்ப வைத்தார். இரண்டாம் கவுண்டர் திறந்த நாளிலிருந்து பட்டியலுக்குள் நுழையாமலே நின்றிருந்த பத்தொன்பது பேரை விண்ணப்பங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துச் சேர்த்தார். அறிக்கையில் ‘தவறு செய்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை மேலிடத்துக்கும் ஒரு பிரதியைக் கவுண்டர்காரர் கையிலும் கொடுத்தார்.