ஒவ்வோர் எழுத்தையும் வாசிப்பவர்

“க்நைஃப். கமா. வெட்நெஸ்டே. டெப்ட்.” மூலப்பிரதியை மூக்கருகே பிடித்தபடி வாசித்துக்கொண்டே போகிறார். எதிரே அச்சுப்படியின் மேல் பென்சிலை ஓட்டுகிறார் பிழை திருத்தும் அம்மாள். ‘நைஃப்’பில் வரும் ‘கே’, ‘டெட்’டில் வரும் ‘பி’ என்று பேச்சில் எல்லோரும் விழுங்கிவிடும் ஊமை எழுத்துகளை இவர் வாய்விட்டுச் சொன்னால்தான், அவை அச்சில் விழுந்திருக்கின்றனவா என்று அவருக்குத் தெரியும். அச்சகத்தில் இவருக்கு ‘க்நைஃப்’ என்றே பெயர்.

ஆங்கிலத்தைக் காதால் கற்றவரல்ல, கண்ணால் கற்றவர். வேலைக்காகப் பழகிய நாக்கு வேலை முடிந்தபின்னும் திரும்பவில்லை. வங்கியிலோ மருந்துக் கடையிலோ இவர் ஆங்கிலம் பேசினால் எழுத்துகளெல்லாம் எழுந்து நிற்கும். யாராவது சிரித்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

“சார், ‘ஆஃபன்’ங்கிறதை ‘ஆஃப்ட்டன்’னு இப்ப செய்தி வாசிக்கிறவங்களே சொல்றாங்க. உங்க கட்சி ஜெயிச்சிட்டிருக்கு,” என்பார் அம்மாள்.

“ஊரே சொன்னா அது உச்சரிப்பும்மா. நான் ஒருத்தன் சொன்னா பிழை.”

மகள் தனக்கு ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். நல்ல பையன். அவனைப் பெற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, வாசல் மணி அடிப்பதற்குச் சற்று முன், அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்: “அப்பா, அவங்ககிட்ட இங்கிலீஷ் மட்டும் வேண்டாம்ப்பா. தலையாட்டுங்க, போதும்.”

“சரிம்மா.”

வரவேற்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். ஊமை எழுத்து ஒன்றுகூட வராதபடி பொறுக்கிப் பொறுக்கிக் கோத்தது. குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

வந்தவர்கள் தங்கமான மனிதர்கள். சம்பந்தியம்மாள் இவர் பக்கம் திரும்பி, உங்கள் மகள் சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி நன்றாகவே புரிந்தது. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்றாள், பிசிறில்லாத ஆங்கிலத்தில். சம்பந்தியம்மாள் இவரைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார். இவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை, வழக்கம்போல் மேசையில் மூலப்பிரதி. இரண்டு பத்தி வாசித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“என்ன சார், அடுத்த வார்த்தை க்நைஃப்தானே? சொல்லுங்க, குறிச்சிக்கிறேன்,” என்றார் அம்மாள், தலை நிமிராமல்.

மூலப்பிரதித் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி, அந்த அம்மாள் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு கையை நீட்டி, அச்சுப்படியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவர் விரலிடுக்கிலிருந்த பென்சிலை மெதுவாக வாங்கிக்கொண்டார்.