சுவரில் எழுதிய ஏழாம் இலக்கம்

முதலில் ஒரு கிறீச், பிறகு ஒரு டப். தோட்டத்து ஆபீசான கந்தோரின் பலகை ஜன்னல் சாத்தப்படும் சத்தம் அது. அறுபது வருஷத்துக்கு முன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டேன். அவர் என்ன கேட்கப் போனார் என்பது மறந்துபோயிற்று. அந்தச் சத்தத்தில் அவருடைய விரல்கள் இறுகியது மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றபின் நான் பிடித்த தொழில், பிரதேச சபையிடம் தகவல் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. நசீர் நானாவின் போட்டோ கொப்பி கடையில் ஒரு மேசை, சந்தை நாளில் மட்டும். இந்தத் தொழிலில் யாரும் யாரையும் நம்புவதில்லை. நான் கூலி வாங்குவதில்லை என்பதால் என்னை இன்னும் கொஞ்சம் குறைவாக நம்புகிறார்கள். கந்தோர் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

பேர் இல்லாத கடுதாசி

யோகேஸ்வரி வந்தது மழை விட்ட ஒரு சந்தை நாளில். பால் வெட்டுகிற பெண். நகக்கண்களில் இறப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. அவர்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தில் பத்துக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பின்னால் உள்ள மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. அதைப் பார்க்கச் சபையிலிருந்து ஆட்கள் வந்து, ஆறு காம்பராக்களின் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒன்று முதல் ஆறு வரை இலக்கம் போட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள்.

இலக்கம் விழுந்தவர்களுக்குப் புது வீடு என்று லயம் முழுக்கப் பேச்சு. யோகேஸ்வரியின் சுவர் வெறுமையாக இருந்தது. அந்த இலக்கம் எதற்கு, தனக்கு மட்டும் ஏன் இல்லை? இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்த மேட்டுக்குக் கீழே படுக்கிறவளுக்கு இது தெரிந்தாக வேண்டும். விண்ணப்பத்தில் பெயரை எழுதப் போனேன். சட்டென்று தாளின்மேல் கையை வைத்தாள்.

"பேரு வேணாம் டீச்சரம்மா. லயத்துல ஒரு பொம்பளன்னு போடுங்க, அது போதும்."

காரணம்

அரைமணி நேரம் பேசிப் பெயரைப் போட வைத்தேன். இருவருமாகச் சபைக்குப் போனோம். தகவல் அலுவலர் இளவயதுக்காரர், மரியாதையானவர், தமிழ் நன்றாகவே பேசுவார். விண்ணப்பத்தை முன்னும் பின்னும் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு எங்கள் தலைக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தார், எங்களை அனுப்பியவன் அங்கே நிற்கிறானோ என்று.

"எந்தக் கட்சி டீச்சர்?"

"கட்சி இல்லை. இந்தப் பிள்ளையின் வீடு."

"அப்ப ஏன் கேக்கிறாங்க?"

காரணம் சொல்லத் தேவையில்லை என்று தகவல் அறியும் சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டி, பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் எடுக்கப் போனபோது சீட்டின் நுனியை விடவில்லை.

"காரணம் இருக்கிறவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க டீச்சர். சொல்லாதவங்களுக்குத்தான் பெரிய காரணம் இருக்கு."

நானாவின் தாள்கள்

அடுத்த சந்தை நாளில் தோட்டத்துக் கங்காணி கடைக்கு வந்தார். அடையாள அட்டையில் ஒரு கொப்பி எடுக்க அரைமணி நேரம் நின்றார். டீச்சர் என்ன எழுதுகிறார், யாருக்கு எழுதுகிறார் என்று நானாவிடம் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. அவர் போன கையோடு சபை ட்ரைவர் வந்து அதையே கேட்டார். நானா இருவருக்கும் சிரித்தே பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது இயந்திரத்தின் இரைச்சலில் கேட்கவில்லை.

அன்று அவர் கொடுத்த கொப்பிகளை ஒன்று, இரண்டு என்று விரலால் தள்ளிப் பார்த்தேன். கூடுதலாக ஒன்று எடுத்து வைத்துக்கொண்டாரோ என்ற நினைப்பு. பதினைந்து வருஷப் பழக்கம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. நானா பார்த்துவிட்டார்.

"எண்ணுங்க டீச்சர், நல்லா எண்ணுங்க. நீங்க போனாப் பொறகு நானும் எண்ட தாள எண்ணித்தான் பாக்கிற."

ஆறுக்கு அப்புறம்

விண்ணப்பம் போட்ட செய்தி லயத்துக்கு எங்களுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. இலக்கம் உள்ள ஆறு வீட்டாரும் யோகேஸ்வரியோடு பேச்சை நிறுத்தினார்கள். நமக்கு வரப்போகிற வீட்டை வெட்டத்தான் இவள் மனுப் போட்டாள் என்று பேச்சு. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவள் குடத்தை ஒருத்தி காலால் தள்ளி வைத்தாளாம்.

விசாரிக்கலாம் என்று ஒருநாள் மேலே ஏறிப் போனேன். யோகேஸ்வரியின் சுவரில் சிவப்பாக ஓர் ஏழு. ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். கிட்டப் போனால் பெயின்ட் வாசனை. அவளுடைய கணவர் சிவலிங்கம்தான், கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைக் கொண்டுவந்து, சபைக்காரர்கள் போட்ட அதே வளைவோடு எழுதியிருந்தார். என்ன இது என்று கேட்டேன்.

"ஆறுக்கு அப்புறம் ஏழுதானே டீச்சரம்மா? அவுங்க மறந்துட்டுப் போனத நான் எழுதிட்டேன், அம்புட்டுத்தான்."

இரண்டு தாள்

குறித்த நாள் கடந்து, நான் இன்னொரு கடிதம் போட்ட பிறகு பதில் வந்தது. சிங்களத்தில் இரண்டு தாள். யோகேஸ்வரிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். முதல் தாள்: இலக்கமிட்ட ஆறு காம்பராக்களும் குடியிருக்க ஏற்றவை. இலக்கமிடாத நான்கும் மண்சரிவு அபாயத்தில் உள்ளவை. அந்த நான்கு குடும்பங்களையும் அடுத்த மழைக்கு முன் அகற்றி, வேறிடத்தில் காணி கொடுக்க வேண்டும். இரண்டாம் தாள், சுவரில் ஏழு விழுந்த பிறகு நடந்த பரிசோதனை: இலக்கமிட்ட காம்பராக்கள் ஏழு, அகற்ற வேண்டிய குடும்பங்கள் மூன்று.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள். வாசித்தேன். மூன்று என்ற இடத்தில் அவள் உதடு அசைந்தது. முதல் தாளின் திகதி எட்டு மாதம் பழையது. அதை எடுத்துக்கொண்டு தகவல் அலுவலரிடம் போனேன். எட்டு மாதமாக அந்தச் சனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னார்.

"ஒருத்தரும் கேக்கலயே டீச்சர்."

கையெழுத்து

திருத்த வழி இருந்தது. ஏழாம் இலக்கம் சபை போட்டதல்ல, நான் போட்டது என்று காம்பராவைத் தன் பெயரில் வைத்திருக்கும் சிவலிங்கம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நானே எழுதி, பேனாவையும் கொண்டு லயத்துக்குப் போனேன். சிவலிங்கம் கடிதத்தைத் தொடவேயில்லை.

"கவர்மெண்டு நம்பர நான் போட்டேன்னு கையெழுத்து வச்சா நாளைக்குப் பொலிஸ் வரும். காம்பராவ விட்டுட்டுப் போனா தோட்டத்துத் தொர பூட்டிருவாரு. காணி எங்க, காட்டுங்க பாப்போம்?"

"மண்ணு புள்ளைங்க மேல விழுந்தா என்னங்க செய்வீங்க?" என்றாள் யோகேஸ்வரி.

"ஏய், நீ சும்மா இரு. சபை குடுத்த அந்த ரெண்டு தாளும் மேட்டுக்குக் கீழ இருக்கிறவங்கள கெளப்ப எழுதுன கடுதாசி. இல்லாட்டி இவ்ளோ லேசா குடுப்பாங்களா?"

என்னைப் பார்த்துத் திரும்பினார். அந்த இரண்டு தாளையும் கையில் வாங்கிய நிமிஷத்தில் எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது.

"எட்டு மாசமா வாயத் தொறக்காதவங்க, நீங்க கேட்டவொடன உண்மைய எழுதிக் குடுத்துட்டாங்களா டீச்சரம்மா?"

தகவல் கொடுப்பதற்குச் சட்டம் நாள் குறித்திருக்கிறது, அதை நம்புவதற்குத்தான் இன்னும் யாரும் குறிக்கவில்லை. மற்ற மூன்று குடும்பத்தாரும் காணி கிடைத்துப் போய்விட்டார்கள். யோகேஸ்வரி பிள்ளைகளோடு குருவிட்ட என்ற ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சிவலிங்கம் இன்னும் அந்தக் காம்பராவில்தான் படுக்கிறார்.