குவாண்டிக் கடித்த ரொட்டி

குவாண்டிக் குத்துச்சண்டைக்காரன் என்பதை தாராஸ் நகரத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அவனைப் பெற்றவளைத் தவிர. அவள் ஒப்புக்கொள்ளாததற்குச் சாட்சி சமையலறை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் அவன் அல்மாத்திக்குப் படிக்கக் கிளம்பியபோது, அம்மா குல்ஷாத் ஒரு முழு ரொட்டியை அவன் வாயருகே நீட்டினாள். ஊரைவிட்டுப் போகிறவன் அதில் ஒரு வாய் கடிக்க வேண்டும். மிச்சத்தைத் துணிப்பையில் போட்டு மாட்டிவைப்பார்கள். திரும்பி வந்து அவனே தின்று முடிக்க வேண்டும்.

"என்னடா இது, எலி கடிச்ச மாதிரி? பெருசா கடி," என்று அவள் அதட்டிய அதட்டலில், அவன் கால் ரொட்டியைக் கவ்விக்கொண்டு ரயிலேறினான்.

நாலு வருஷம் கழித்து ரொட்டித் தயாரிப்பில் பட்டம் வாங்கித் திரும்பினான். வெந்த ரொட்டியின் மேல்தோல் ஏன் வெடிக்கிறது என்று தொண்ணூறு பக்கம் எழுதியிருந்தான். பட்டத்தை மேஜைமேல் வைத்தான். பக்கத்திலேயே ஒரு ஜோடி கையுறையையும் வைத்து, விடுதிக்குக் கீழே இருந்த பயிற்சிக்கூடத்தில் பழகியதாகவும் இனி அதுதான் தொழில் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு ஆணியில் இருந்த பைக்குக் கை நீட்டினான்.

"தொடாதே," என்றாள் குல்ஷாத். "இதைக் கடிச்சிட்டுப் போனவன் ரொட்டி இன்ஜினியரா வர்றேன்னு சொல்லிட்டுப் போனான். அவன் வரட்டும், கொடுக்கிறேன்."

"நான்தாம்மா அவன்."

"நீ யாரோ."

அதற்கப்புறம் இரண்டு வருஷமாகப் பை இறங்கவில்லை.

படித்தவன் கோதாவில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை முதல் இரண்டு சண்டையில் ஊர் பார்த்தது. முதல் சண்டையில் எதிராளி இரண்டாவது சுற்றில் மல்லாந்து விழுந்தான். நடுவர் பத்து எண்ணுவதற்குள் குவாண்டிக் பதறிப்போய் அவனைத் தூக்கிவிடக் குனிந்தான். குவாண்டிக்கை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு நடுவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. இரண்டாவது சண்டையில் ஒரு குத்து தவறிப்போய் இடுப்புக்குக் கீழே விழுந்தது. "மன்னிச்சிருங்க" என்று கையை இறக்கினான். சொல்லி முடிப்பதற்குள் தாடையில் வாங்கினான். சமன் என்று தீர்ப்பு.

"மன்னிப்பை லெட்டர் போட்டுக் கேளு. கையை மட்டும் இறக்காதே," என்றார் பயிற்சியாளர் தோரெகான்.

மூன்றாவது சண்டையும் சொந்த ஊரில், சனிக்கிழமை. வீட்டில் ஏற்கெனவே பேச்சாகியிருந்தது. இதுவும் சொதப்பினால் திங்கட்கிழமை அவன் ரொட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும். ஆலையில் இடம் காலியாகவே வைத்திருந்தார்கள். ஜெயித்தால் அவள் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்க மாட்டேன் என்று குல்ஷாத் சத்தியமே செய்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எடை பார்ப்பார்கள். அறுபத்தொரு கிலோ இருநூறு கிராமுக்கு மேல் ஒரு கிராம்கூடப் போகக் கூடாது. குல்ஷாத் நகரப் பொதுக் குளியலறையின் பொறுப்பாளர். சாவி, நீராவி எல்லாம் அவள் கையில். ஒரு மணி நேரம் ஆவியில் உட்கார்ந்து வியர்த்தால் போதும் என்று மகன் முந்தின நாள் கெஞ்சினான்.

"பாய்லர் பழுது," என்றாள்.

ஆவி இல்லாமலே வாரம் முழுக்க வாயைக் கட்டி, வெள்ளி காலை வீட்டுத் தராசில் நூறு கிராம் குறைவாகவே நின்றான். சந்தோஷமாக நடந்தே கிளம்பினான்.

முதல் வீட்டு வாசலில் ரபிகா அக்கா நின்றிருந்தாள். உள்ளே மேஜை விரித்து ரொட்டி வைத்தாயிற்று.

"கை நனைக்காம இந்த வாசலைத் தாண்டுவியா ராசா?"

"இன்னிக்கு எடை பார்க்கிறாங்க அக்கா."

"சாப்பிடவா சொன்னேன்? ஒரு துணுக்கு வாயில போட்டுட்டுப் போ. ரொட்டியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போறவனா நீ?"

அவன் அப்படிப் போகிறவன் இல்லை. அதுதான் அவன் கஷ்டம். எதிரியின் குத்தைத் தட்டிவிடத் தெரிந்தவனுக்கு, ஒரு பெரியம்மா நீட்டும் துணுக்கைத் தட்டத் தெரியாது. துணுக்கைத் தொட்டதும் தொண்டை அடைக்குமே என்று ஒரு கிண்ணம் தேநீர் வந்தது. இரண்டாவது வீட்டில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை. மூன்றாவது வீட்டில் குதிரை இறைச்சி, காகிதம் மாதிரி சீவியதுதான் என்று சொல்லி, பலகை மாதிரி ஒன்று. நான்காவது வீட்டில் புளித்த ஒட்டகப் பால், கிண்ணம் நிறைய. அவன் விழுங்க விழுங்கக் கிராம் கணக்கு மனதுக்குள் தானாக ஓடியது, படிப்பு சும்மா போகுமா?

கடைசி வீட்டில் பழைய பஸ் டிரைவர் மூசாபெக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பத்து நிமிஷம் லேட்டுடா தம்பி. நீ ஒன்பதே முக்காலுக்கு வருவேன்னுல்ல உங்கம்மா போன்ல சொன்னா?"

குவாண்டிக் வாயில் இருந்ததை மெல்லாமல் நின்றான். அப்புறம் மென்றான். வேறு என்ன செய்ய?

விளையாட்டு அரங்கில் தராசு அறுபத்தொரு கிலோ எழுநூறு காட்டியது. அரைக் கிலோ அதிகம். சண்டை ஏற்பாடு செய்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இறக்குவதற்கு இரண்டு மணி நேரம் அவகாசம், இல்லாவிட்டால் சண்டை ரத்து, அதற்கப்புறம் எவனும் கூப்பிட மாட்டான் என்றார். கடைசி வரிசையில் குல்ஷாத் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவள் முகமா அது? கல்யாணத்துக்கு வந்தவள் முகம்.

"என்னத்தைத் தின்னே? எவன் கொடுத்தான்?" என்று தோரெகான் கத்தினார்.

குவாண்டிக் கடைசி வரிசையைப் பார்த்தான். அவள் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை.

"யாரும் கொடுக்கல அண்ணே. தண்ணி அதிகமா குடிச்சிட்டேன். என் தப்புதான்."

எதிராளியின் பயிற்சியாளர் சிரித்தார். அவர் பாவ்லதாரிலிருந்து வந்தவர், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "பாக்ஸர் வருவான்னு பார்த்தா விருந்தாளி வந்திருக்கான். பெத்தவ ஒருத்தி இருந்திருந்தா, வாயைக் கட்டவாவது சொல்லிக் கொடுத்திருப்பா," என்றார்.

குல்ஷாத் எழுந்தாள்.  தன் மகன் பொய் சொல்லி அவள் இதுவரை கேட்டதில்லை. முதல் பொய்யை அவளுக்காகச் சொல்லியிருக்கிறான். நேராக மேடைக்கு நடந்து வந்தாள்.

"பெத்தவ இருக்கேன்," என்று பாவ்லதார்க்காரரிடம் சொன்னாள். மகனின் காதைப் பிடித்தாள். "வாடா."

குளியலறையில் அன்றைக்குப் பெண்கள் நாள். பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பெண்களைத் துண்டோடு நடைக்கு விரட்டினாள். அதில் ரபிகா அக்காவும் ஒருத்தி.

"ஏண்டி, நீதானே தின்னக் கொடுக்கச் சொன்னே?"

"இப்ப கக்க வைக்கச் சொல்றேன். நகரு."

"பாய்லர் பழுதுன்னியேம்மா?" என்றான் குவாண்டிக்.

"சரியாயிடுச்சு."

ஆவி அறையில் அவனைக் குப்புறப் போட்டு ஓக் இலைக் கட்டால் முதுகில் விளாசினாள். வியர்வை வருவதற்கு எல்லோருக்கும் அப்படித்தான் அடிப்பார்கள். ஆனால் அன்றைய அடியில் இரண்டு வருஷக் கடன் இருந்தது.

"எதுக்குடா படிச்சே?" ஒரு அடி. "மூக்கு உடைஞ்சா எவ பொண்ணு கொடுப்பா?" இன்னொரு அடி. "என்னை ஏண்டா காட்டிக்கொடுக்கல?" இதற்கு அடி விழவில்லை. அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. ஆவிதான் என்றாள். வெளியே பெண்கள் கதவில் காது வைத்து, இன்னும் ரெண்டு போடு என்று குரல் கொடுத்தார்கள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத் தராசு அறுபத்தொரு கிலோ இருநூறில் நின்றது. குவாண்டிக் நிற்பதுதான் சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை குல்ஷாத் கோதாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். எதிரில், கோதாவைப் பார்த்தபடி மூசாபெக்.

"இப்ப யாரு அடிக்கிறா அண்ணே?"

"நம்மவன்."

"இப்ப?"

"அதைக் கேக்காதே."

ஐந்தாவது சுற்றில் குவாண்டிக்கின் குத்து ஒன்று மறுபடி கீழே இறங்கியது. அரங்கமே அவன் கையைப் பார்த்தது. உதடு அசைந்தது, மன்னிப்புக் கேட்டிருப்பான். கை மட்டும் இறங்கவில்லை. ஆறு சுற்று முடிந்து ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தான்.

ஞாயிறு காலை அவன் வீங்கிய உதட்டோடு சமையலறைக்கு வந்தபோது ஆணி காலியாக இருந்தது. மேஜையில் ஆறு வருஷத்து ரொட்டி, பக்கத்தில் தேநீர்.

"வந்துட்டியா?" என்றாள் குல்ஷாத்.

"வந்துட்டேம்மா."

கல்லாகிவிட்ட ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து ஊறவைத்து, அரை மணி நேரம் தின்றான். ஈரப்பதம் இரண்டு சதவீதம்கூட இருக்காது என்று நடுவில் சொல்லிப் பார்த்தான். பேசாமல் தின்னு என்றாள். கடைசித் துண்டு உள்ளே போனதும் கேட்டாள்.

"அடுத்த சண்டை எங்கே?"

"கரகண்டாவுல. அடுத்த மாசம்."

அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைக் கொண்டுவந்து அவன் வாயருகே நீட்டினாள். கிளம்ப இன்னும் ஒரு மாசம் இருக்கிறதே என்று சொல்லத்தான் நினைத்தான். வாயை அகலத் திறந்தான். அவள் சட்டென்று ரொட்டியைப் பின்னுக்கு இழுத்தாள்.

"கொஞ்சமா கடி," என்றாள்.