பலகை நட்ட கதை

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சுற்றுச்சூழல் பொறுப்பு என்னுடையது. வருடம் ஒருமுறை மரம் நடுவோம். விருந்தினர் வருவார், புங்கங்கன்றை வைப்பார், பூவாளியால் தண்ணீர் ஊற்றுவார், நான் படம் எடுப்பேன். பக்கத்தில் அவர் பெயர் எழுதிய பலகை நிற்கும். மூன்று மாதத்தில் கன்று பட்டுப்போகும், பலகை மட்டும் வாடாது. அடுத்த வருடம் குழி தோண்டும் வேலை மிச்சம், அதே குழிதான். இந்தக் கூத்தை ஐந்து வருடம் வெட்கமே இல்லாமல் நடத்தியிருக்கிறேன். ஆண்டறிக்கையில் 'நீடித்த நிலைத்தன்மை' என்று நான்கு பக்கம் எழுதுவதும் நான்தான்.

போன வருடம் வம்பு வந்தது. எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்தின் பெரிய அதிகாரி, முந்தைய விழாவில் கன்று நட்டவர், அந்த வருட விழாவுக்கும் வருகிறாராம். தன் செடியைப் பார்க்க வேண்டுமாம். அவருடைய குழியில் இருந்தது ஒரு காய்ந்த குச்சி.

வளாகத்தில் பிழைத்திருந்தது ஒன்றே ஒன்று. கேண்டீன் குழாயடி ஓரம், தோளுயரத்துக்குத் தளதளவென்று ஒரு புங்கம். அதற்குப் பலகை கிடையாது. அதிகாரியின் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய் அங்கே நட்டேன். பென்னலூரிலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"இன்னா சார் பண்றீங்க? அது நான் வச்ச செடி."

"நீங்களா?"

"மிச்சம்னு தூக்கிப் போட்டீங்களே, அந்தக் கன்னு. டிபன் பாக்ஸ் அலசுற தண்ணி சும்மா ஓடிக்கினு இருந்துச்சி. வாய்க்கா வெட்டி வுட்டேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்கு நிக்க நெழலு வேணும்ல?"

"ஒரே ஒரு நாள் அக்கா. என் மானத்தக் காப்பாத்துங்க."

"உங்க மானம் என் செடியிலயா கீது?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் அதிகாரி இலைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு. "எப்படி இவ்வளவு நல்லா வளர்த்தீங்க?" என்றார். சொட்டுநீர் அது இது என்று அளக்க வாயெடுத்தேன். சற்றுத் தள்ளி அக்கா வாளியோடு நின்றிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். பேசாமல் இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சார், இது உங்க செடி இல்ல. உங்களுது செத்துப்போச்சு. இது இந்த அக்காவோடது."

கூட வந்திருந்த எங்கள் மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி நேரே அக்காவிடம் போனார். லீவு நாளில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்டார்.

"ஊத்தறதே இல்ல சார். ஞாயித்துக்கெழமையும் ஓவர்டைம் வேல கீது. சாப்புடறவங்க பாக்ஸ் கழுவுவாங்க, அது குடிச்சிக்கும். நான் மறந்தாலும் சாவாது."

நான்கு பக்கம் எழுதியும் எனக்குப் பிடிபடாத சங்கதி இது. செடியின் உயிரை நான் யாராவது ஒருவரின் ஞாபகத்தில் விட்டிருந்தேன். அக்கா அதை நானூறு பேரின் பசியில் விட்டிருந்தார். பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

விழாவுக்கு வாங்கிய புதுக் கன்றை அதிகாரி கையில் எடுத்து, எங்கே வைக்கலாம் என்று அக்காவையே கேட்டார்.

"மொதல்ல இன்னொரு கொழா எங்க கீதுன்னு பாருங்க சார்."

அன்று கன்று நடுவதற்கு முன் வாய்க்கால் வெட்டினோம். அதிகாரி சட்டையெல்லாம் சேறு. எல்லாம் முடிந்ததும் பழைய புங்கத்தின் பலகையில் அக்காவின் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"பேரு இன்னாத்துக்கு சார்? வாய்க்கா ஓரம் மண்ணு சரியுது. அந்தப் பலகைய அங்க படுக்கப் போடுங்க."

போட்டேன். எழுத்துப் பக்கம் மண்ணுக்குள், இன்றும் கரையைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது.