தோழர் மீது வந்த புகார்

காலையில் நான் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே அந்த மனுவை எழுதியவர் மீது ஒரு புகார் என் மேஜைக்கு வந்தது. அதை விசாரிக்க வேண்டியவளும் நான்தான்.

கொல்கத்தாவில் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அந்த மழைக்காலத்தில் எங்கள் மாடியில் யாரும் உரக்கச் சிரிப்பதில்லை. திடீரென்று யாரையாவது அறைக்குள் கூப்பிடுவார்கள். வெளியே வரும்போது அவர் ராஜினாமா கொடுத்திருப்பார். நீக்கினோம் என்ற பேச்சே வராது. அவராகவே விடைபெற்றார் என்று மெயில் வரும். அதில் 'நம் குடும்பம்' என்ற சொல் தவறாமல் இருக்கும். ஒரு கம்பெனி தன்னைக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டால் எனக்குச் சந்தேகம் வரும். வேலைக்குச் சம்பளம் கொடுங்கள், போகச் சொல்வதானால் சட்டப்படி சொல்லுங்கள், உறவு கொண்டாட வேண்டாம். இதுதான் என் கட்சி.

இந்தக் கட்டாய ராஜினாமாக்களை எதிர்த்து முதலில் வாய் திறந்தவரும் அந்த மனுவை எழுதியவரும் எங்கள் டீம் லீட்களில் ஒருவர். எல்லோரும் அவரை தாதா என்றுதான் கூப்பிடுவோம். தமிழில் அது வேறு அர்த்தம் தரும், இங்கே அண்ணன். கொல்கத்தாவிலேயே பெஹாலா பகுதிக்காரர். நன்றாகப் பேசுவார், பயப்படமாட்டார். என் கணவர் வங்கி அதிகாரி, அவர்கள் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். இருவருக்கும் நல்ல சிநேகம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டாக்குரியாவில் எங்கள் வீட்டு ஹாலில்தான் எங்கள் கம்பெனி ஊழியர்கள் கூடுவார்கள். நண்பனின் மனைவி என்ற உறவில் தாதா என்னை பௌதி, அதாவது அண்ணி, என்பார். "பௌதி, கொஞ்சம் லிக்கர் சா கிடைக்குமா?" என்பார். அவர்கள் பெண் விடுதலை பற்றிப் பேசும் நாட்களிலும் அந்தக் கறுப்பு டீயைப் போட்டுக் கொண்டுவந்தது நான்தான். அது எனக்கு உறுத்தியதுண்டு. ஆனால் நாட்டில் நடப்பதைப் பார்க்கும்போது, சரியான பக்கத்தில் நிற்கிறவர்களிடம் போய் டீக்காகச் சண்டை போடுவதா என்று விட்டுவிடுவேன்.

பெண்களிடம் தவறாக நடப்பதை விசாரிக்கும் புகார்க் கமிட்டிக்கு நான் தலைவரானதும் ஒரு கதை. முன்பு விற்பனைப் பிரிவுத் தலைவர் மீது ஒரு பெண் புகார் கொடுத்தபோது, அது 'புரிதல் குறைவு' என்று முடித்துவைக்கப்பட்டது. அந்தப் பெண் வேலையை விட்டுப் போனாள். மகளிர் தினத்தன்று எங்கள் எல்லோருக்கும் ரோஜாப்பூ கொடுத்தார்கள். நான் எழுந்து, பூ வேண்டாம், அந்தப் புகார் என்னவாயிற்று என்று சொல்லுங்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அடுத்த முறை கமிட்டியை அமைக்கும்போது என்னைத் தலைவராகப் போட்டார்கள். கத்துகிறவளுக்கு நாற்காலி கொடுத்தால் கத்தமாட்டாள் என்று நினைத்திருக்கலாம்.

தாதா மீது புகார் வந்ததும் எச்.ஆர். தலைவர் எனக்குப் போன் செய்தார். அவரும் கமிட்டியில் ஒரு உறுப்பினர்.

"மேடம், இந்தத் தடவை கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார்.

அவர் குரலில் இருந்த உற்சாகம் என்னைப் பயமுறுத்தியது. விற்பனைத் தலைவர் விஷயத்தில் 'ரெண்டு பக்கமும் பார்க்கணும்' என்று இழுத்தடித்த அதே மனிதர்தான். இது ஜோடித்த புகார், மனுவை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்கு உடனே தோன்றியது. புகாரை முழுதாகப் படிப்பதற்கு முன்பே தோன்றியது.

முதல் கூட்டத்தில், தாதா எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர், நான் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன். கமிட்டியில் வெளியாளாக இருந்த வக்கீல் அம்மாள், புகார் கொடுத்தவளையே கேட்டுவிடலாம் என்றார். அவள் தாதாவின் டீமில் இருந்த சின்னப் பெண். சாந்த்ராகாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"தீதியே இருக்கட்டும். அவரைத் தெரிஞ்சவங்களே கேட்கட்டும்" என்றாள். தீதி என்றால் அக்கா.

பிறகு சொன்னாள். ஆரம்பத்தில் தாதா வேலை சொல்லிக்கொடுத்தார். அப்புறம் தன் காரில்தான் வர வேண்டும் என்றார். காரில் அவள் மேல் கை வைத்தார். அவள் பஸ்ஸுக்கே திரும்பியதும், எல்லோர் முன்னாலும் அவள் வேலையை மட்டம் தட்ட ஆரம்பித்தார். போனை எடுத்து அவர் அனுப்பிய செய்தியைக் காட்டினாள். அடுத்து ராஜினாமாவுக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று தனக்குத் தெரியும், தன்னோடு அனுசரித்துப் போனால் அவள் பெயர் வராமல் பார்த்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார்.

எங்கள் ஹாலில் உட்கார்ந்து எந்தப் பயத்தைப் பற்றி அவர் அத்தனை உருக்கமாகப் பேசினாரோ, அதே பயத்தைக் காட்டி இவளை மிரட்டியிருக்கிறார்.

எச்.ஆர். தலைவர் முன்னால் சாய்ந்தார். "அவர் நடத்துற கூட்டத்துக்கு உன்னையும் கட்டாயப்படுத்திக் கூப்பிட்டாரா?"

"இல்லை சார். மனுவில் நானே கையெழுத்துப் போட்டேன்."

"அவர் மிரட்டினதாலயா?"

"இல்லை. மனுவில் இருக்கறது நியாயம். அது வேற, இது வேற."

அவர் முகம் சுருங்கியது. எனக்கோ வெட்கமாக இருந்தது. நான் இத்தனை நாளாகப் பிரிக்க முடியாமல் தவித்ததை இவள் ஒரே வரியில் பிரித்துவிட்டாள்.

கமிட்டியில் நடப்பதை வீட்டில் சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் தாதாவே என் கணவரிடம் போய்ச் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் நான் சமையலறையில் இருந்தபோது கணவர் வந்து நின்றார்.

"கேஸ் உன்கிட்டதான் இருக்காமே?"

"அதைப் பத்திப் பேச முடியாதுங்க."

"பேச வேண்டாம். நான் சொல்றதைக் கேளு. கம்பெனி ஆட்களை வரிசையா வெளியே தள்ளுது. எதிர்த்து நிக்கிறது இவன் ஒருத்தன்தான். அவனைத் தூக்கறதுக்கு ஒரு சாக்குத் தேடறாங்க. நீ போய் அவங்க கையில கத்தியை எடுத்துக் கொடுக்காதே."

"அந்தப் பொண்ணு பொய் சொல்றான்னு சொல்றீங்களா?"

"பொய்யின்னு சொல்லலை. இப்ப வேணுமா இதுன்னு கேக்கறேன்."

"எப்ப வேணும்? எல்லாருக்கும் விடிவு வந்த அப்புறமா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் இருவருக்கும் ஓட்டு ஒன்று, படிக்கும் பத்திரிகை ஒன்று, கோபப்படும் செய்திகளும் ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் எனக்கு அந்நியராகத் தெரிந்தார்.

விசாரணை அறைக்குள் தாதா சிரித்துக்கொண்டே வந்தார்.

"பௌதி, உங்களுக்கே தெரியும், இது அரசியல் பழிவாங்கல்."

"இங்கே நான் கமிட்டித் தலைவர். இந்த மெசேஜை நீங்கதானே அனுப்பினீங்க?"

"விளையாட்டா எழுதினது. நம்ம ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான் பேசிக்கறோம்."

"அவளும் உங்களுக்கு விளையாட்டா ஏதாவது எழுதினாளா?"

அவர் சிரிப்பு நின்றது. "நீங்க யாருக்காக வேலை செய்யறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். வக்கீல் அம்மாள் அதையும் பதிவு செய்யச் சொன்னார்.

அவர் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை. பஸ்ஸிலும் லிஃப்டிலும் அதையேதான் யோசித்தேன். புகார் உண்மை என்று எழுதினால் நிர்வாகம் கொண்டாடும். இல்லை என்று எழுதினால் அந்தப் பெண் என்ன ஆவாள்? நம் ஆள் செய்தால் மெதுவாகப் பேசு, அவர்கள் ஆள் செய்தால் தெருவில் இறங்கு என்பதை நான் எதிர்க்கட்சிக்காரர்களிடம்தான் பார்த்திருந்தேன். நம்மிடமும் அது இருக்கிறது, கொஞ்சம் நல்ல வார்த்தைகளோடு இருக்கிறது.

புகார் நிரூபணமாகிறது என்றுதான் எழுதினேன். கடைசிக் கூட்டத்துக்குள் போனால், என் அறிக்கையின் முடிவில் யாரோ ஒரு பத்தியைச் சேர்த்திருந்தார்கள். இவர் வெளி அரசியலை அலுவலகத்துக்குள் கொண்டுவந்து ஊழியர்களிடையே அமைதியைக் கெடுத்தார் என்று அதில் இருந்தது.

"இதை யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"பொதுவான ஒரு அப்சர்வேஷன்தான் மேடம்" என்றார் எச்.ஆர். தலைவர்.

"இதை நாம விசாரிக்கவே இல்லையே. மனு கொடுக்கறது குத்தமா? அதுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன், யோசிச்சு முடிவு பண்ணுங்க. உங்க அப்ரைசலும் வருது."

நான் அறிக்கையை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"இந்தப் பத்தி இருந்தா என் கையெழுத்து இருக்காது."

வக்கீல் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "என்னுதும் இருக்காது. விசாரிக்காததை எழுதினா கோர்ட்டுல நிக்காது, சார்."

பத்தி போயிற்று. டீமை விட்டு மாற்றுவது, பதவி இறக்குவது என்றுதான் நாங்கள் பரிந்துரைத்தோம். அறிக்கை போன வேகத்தில் நிர்வாகம் அவரை வேலையை விட்டே நீக்கியது. அந்த ஒரு தடவை மட்டும் மெயிலில் குடும்பம் வரவில்லை.

அதன் பிறகு எங்கள் குழுவில் பலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். கம்பெனியின் ஆள் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் எழுதினார். யாரும் மறுக்கவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உப்பு, ஊறுகாய் என்ற அளவுக்குத்தான் பேச்சு இருந்தது. அப்ரைசலில் எனக்கு மிகக் கீழான மதிப்பெண் வந்தது, வேலையே இல்லாத ஒரு பிராஜெக்டுக்கு மாற்றினார்கள். மனு தாதாவின் மேஜையிலிருந்து யாருடைய பைக்கோ போய் அப்படியே கிடந்தது.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனுவை என்ன செய்வது என்று முடிவெடுக்க மறுபடி எங்கள் ஹாலில் கூடினார்கள். முன்பு வந்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பேச்சு மனுவைத் தொடவே இல்லை. தாதாவை ஏன் காட்டிக்கொடுத்தாய் என்றுதான் சுற்றிச் சுற்றி வந்தது.

"நடந்ததைச் சொல்லுங்க தீதி. எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் ஒருவர்.

"சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றேன்.

"வசதியான பதில்" என்றார் இன்னொருவர்.

அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எழுந்தாள். அவள் வந்திருந்ததையே நான் அப்போதுதான் கவனித்தேன்.

"புகார் கொடுத்தது நான்தான்" என்றாள். அந்தச் செய்தியை வாய்விட்டுப் படித்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனாலும் முழுதாகப் படித்தாள். "இப்ப மனுவைப் பத்திப் பேசலாமா?"

மூத்தவர் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் இன்னொருவரும் போனார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசதியான பதில் என்றவர் மெல்ல, மனு தன் பையில்தான் இருக்கிறது என்று சொல்லி எடுத்து நடுவில் வைத்தார்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து அந்தப் பெண்ணுக்குத் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்தார். "நிர்வாகத்துக்கிட்ட யார் கொண்டுபோய்க் கொடுக்கறது?" என்று கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். வேறு யாராவது தூக்குகிறார்களா என்று காத்திருந்தோம்.